கண்ணாடிக் கடல்: புளூயி டிரஸ்காட்டைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள், மார்ச் 24: மெல்பர்ன்

சவுத் யாரா நிலையத்தை ரயில் நெருங்கும்போது, மேட்டின்மேல் கோட்டை மாதிரி எழுந்து நிற்கும் ஒரு பள்ளிக்கூடத்தை ஒன்பது ஆண்டுகளாக அலுவலகம் போகும் வழியில் பார்த்துவருகிறேன். அது மெல்பர்ன் உயர்நிலைப் பள்ளி என்பதும், நுழைவுத் தேர்வில் தேறினால்தான் அங்கே இடம் கிடைக்கும் என்பதும், அந்த ஓர் இடத்துக்காக நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சனி, ஞாயிறுகளைத் தனிப்பயிற்சி வகுப்புகளில் தொலைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் படித்த சிவப்புத் தலைமுடிப் பையன் ஒருவனைப் பற்றி மட்டும் தெரியாமல் இருந்தேன்.

மெல்பர்ன் கால்பந்துக் கழகம் தன் அணியின் சிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கும் பதக்கத்துக்குக் கீத் 'புளூயி' டிரஸ்காட் பதக்கம் என்று பெயர். சென்ற ஆண்டு அந்த விழாவைப் பற்றிய செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், யார் இந்தப் புளூயி என்று தேடினேன். கால்பந்துக்காரர், இரண்டாம் உலகப் போரில் போர்விமானி. தேடல் முடிவில் கிடைத்தது மூன்று இடங்கள்: அவர் ஆடிய மைதானம், அவர் புதைக்கப்பட்ட பெர்த் நகரத்துக் கல்லறைத் தோட்டம், மேற்கு ஆஸ்திரேலியாவில் அவர் இறந்த எக்ஸ்மவுத் வளைகுடா. மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடுவது என்று விடுப்பு எடுத்திருக்கிறேன். எல்லாம் சரியாக அமைந்தால், அவர் இறந்த தேதியான மார்ச் 28 அன்று அந்த வளைகுடாவில் இருப்பேன். ஒவ்வொரு நாள் இரவும் எழுதிவிட வேண்டும் என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை.

1916 மே 17 அன்று மெல்பர்னின் பிரான் பகுதியில் பிறந்தவர் கீத் வில்லியம் டிரஸ்காட். முடி செம்பட்டைச் சிவப்பு என்பதால் ஊரார் அவரை நீலம் என்று பொருள்படும் 'புளூயி' என்று கூப்பிட்டார்கள். ஒல்லிப்பிச்சானைக் 'குண்டா' என்று கூப்பிடும் நம் தெருக்களின் குறும்பு இந்த நாட்டிலும் உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது இந்தப் பெயரால்தான். 1937 முதல் மெல்பர்ன் கழகத்துக்காக விக்டோரியக் கால்பந்து லீக்கில் ஆடினார். மொத்தம் 50 ஆட்டங்கள், 31 கோல்கள்.

இன்று காலை மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்குச் சுற்றிப்பார்க்கும் கட்டணம் கட்டி உள்ளே போனேன். ஒரு லட்சம் பேர் அமரும் இடத்தில் எங்கள் குழுவில் பதினோரு பேர்தான் இருந்தோம். ஆள் இல்லாத மைதானத்தில் புல்லின் பச்சை கண்ணைக் கூசச் செய்யும் என்று இன்றுதான் தெரிந்தது. எல்லைக்கோட்டருகே குனிந்து பார்த்தபோது, ஒவ்வொரு புல்லும் ஒரே உயரத்தில், முடிதிருத்துநர் சீப்பு வைத்து வெட்டியதுபோல நின்றது.

ஆஸ்திரேலியக் கால்பந்தை அறியாதவர்களுக்காக ஒரு பத்தி. நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, அணிக்கு 18 பேர். இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் 6 புள்ளிகள், பக்கவாட்டுக் கம்பங்களுக்கு இடையே போனால் 1 புள்ளி. ஆட்டத்தின் அழகெல்லாம் 'மார்க்' என்ற ஒன்றில் இருக்கிறது. உயரத்திலிருந்து இறங்கி வரும் பந்தை, எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பியாவது, நிலத்தில் படுமுன் பிடித்துவிட்டால், பிடித்தவர் யாருடைய இடையூறும் இல்லாமல் உதைக்கலாம். ஆகவே இந்த ஆட்டக்காரர்களுக்கு உடல் வலிமையைவிட முக்கியமானது, தலைக்கு மேல் வரும் ஒரு பொருள் எந்தக் கணத்தில் எந்த உயரத்தில் இருக்கும் என்று கணக்கிடும் கண். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

1939 செப்டம்பர் 3 அன்று ஆஸ்திரேலியா போரில் இறங்கியது. அதே மாதம் 30 அன்று இதே மைதானத்தில் மெல்பர்ன் அணி காலிங்வுட்டை 148க்கு 95 என்ற கணக்கில் வென்று கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் டிரஸ்காட் விமானப்படையில் சேர்ந்துவிட்டார். ஆனாலும் இறுதி ஆட்டத்துக்கு விடுப்பு வாங்கி வந்து, செப்டம்பர் 28 அன்று ரிச்மண்டை 107க்கு 68 என்று வென்ற அணியில் ஆடினார். அன்று அதே சட்டையில் இருந்தவர்களில் ரான் பராசி 1941 ஜூலை 31 அன்று வட ஆப்பிரிக்காவின் டோப்ரூக் போர்முனையில் இறந்தார். ஹரால்ட் பால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ச்சியின்போது மருத்துவப் படைப்பிரிவில் பணியாற்றுகையில் கொல்லப்பட்டார். பராசியின் மகனுக்கு அப்போது ஐந்து வயது. பிற்காலத்தில் அந்தப் பையன் தந்தையின் அணிக்கே ஆட வேண்டும் என்பதற்காகக் கழகம் முயன்று வாங்கியதுதான் 'தந்தை மகன் விதி'. அவனும் அப்பா பெயரையே தாங்கி இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்றாக ஆனான்.

எங்களை அழைத்துச்சென்ற முதியவர், போரின்போது 1942 முதல் இந்த மைதானத்தில் கால்பந்தே ஆடப்படவில்லை என்றும், அமெரிக்க வீரர்கள் பார்வையாளர் மாடங்களில் கட்டில் போட்டுப் படுத்தார்கள் என்றும் சொன்னார். டிரஸ்காட்டைப் பற்றிக் கேட்டேன். "போரில் கொல்லப்பட்ட நம் பையன்" என்று இரண்டே சொற்களில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த கதவைத் திறக்கப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், மார்ச் 25: மெல்பர்னிலிருந்து பெர்த்

நான்கு மணிநேரப் பயணம். சன்னலோர இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தேன். இருக்கை கிடைத்தது, சன்னல் கிடைக்கவில்லை. அந்த ஒரு வரிசைக்கு மட்டும் வெறும் சுவர். ஆகவே பாலைநிலத்தைப் பார்ப்பதற்குப் பதில், சேர்த்து வைத்திருந்த குறிப்புகளைப் படித்தேன்.

டிரஸ்காட் நல்ல விமானி அல்ல. போர் முடிந்து எழுதப்பட்ட புகழுரைகளுக்கு நடுவிலும் இந்த உண்மை தப்பிப் பிழைத்திருக்கிறது. விமானத்தைத் தரையிறக்கும்போது, ஓடுபாதையை நெருங்கிய கணத்தில் மூக்கைச் சற்றே தூக்கி, இறக்கத்தைத் தணித்து, சக்கரங்கள் மெல்லத் தொடும்படி செய்ய வேண்டும். எந்த உயரத்தில் அதைச் செய்வது என்பதை அந்தக் காலத்தில் கண்தான் முடிவு செய்தது. டிரஸ்காட்டின் கண், தரையை அது இருக்கும் இடத்துக்கு ஏறத்தாழ 20 அடி மேலேயே இருப்பதாகக் கண்டது. அந்த உயரத்திலேயே விமானத்தை மட்டப்படுத்திவிடுவார். வேகம் இழந்த விமானம் மிச்சத் தூரத்தைக் கல் விழுவதுபோல விழுந்து கடக்கும். பயிற்சியில் தோற்று வெளியே அனுப்பப்படும் விளிம்பு வரை போனார். கடைசி வரை இந்தப் பழக்கம் அவரை விடவில்லை என்கிறார்கள்.

எனக்கு இதுதான் விளங்கவில்லை. மைதானத்தில் இறங்கி வரும் பந்தின் உயரத்தைக் கணித்துக் கணித்தே பெயர் வாங்கிய ஒருவருக்கு, தரையின் உயரம் ஏன் பிடிபடவில்லை? என் யோசனையில் பட்டது இது: பந்தைப் பிடிக்கும்போது நம் கால் நிலத்தில் ஊன்றி இருக்கிறது, நகர்வது பந்து. விமானத்தில் நகர்வது நாம். முன்னதில் கெட்டிக்காரனாக இருப்பவன் பின்னதிலும் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை.

எப்படியோ தேறினார். பேரரசு விமானப் பயிற்சித் திட்டத்தில் கனடாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து இங்கிலாந்து போய், 1941இல் 452ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவில் சேர்ந்தார். பிரிட்டனின் போர்விமானப் பிரிவின்கீழ் அமைந்த முதல் ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரன் அது. ஸ்பிட்ஃபயர் விமானங்கள், அயர்லாந்துக்காரரான பேடி ஃபினுகேன் வழிகாட்டி. தரையிறங்கத் தடுமாறிய மனிதர் வானில் வேறு ஆளாக இருந்தார். எதிரி விமானத்தின் வெகு அருகே போய்ச் சுடுவது, சண்டையை முறிக்காமல் தொடர்வது, பயத்தை முகத்தில் காட்டாதது ஆகியவை அவரிடம் இருந்தன. இவை ஆடுகளத்திலிருந்து கொண்டுபோனவை என்று அன்றைய செய்தித்தாள்கள் சலிக்காமல் எழுதின. பத்துக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தினார். ஒருமுறை அவரே வீழ்த்தப்பட்டு, ஆங்கிலக் கால்வாயில் விழுந்து மீட்கப்பட்டார். சிறப்புப் பறத்தல் சிலுவை என்ற விருது முதலில் 1941இலும், அதே விருதை மறுமுறை பெற்றதைக் குறிக்கும் பட்டை 1942இலும் கிடைத்தன. 1942 தொடக்கத்தில், இருபத்தைந்து வயதில், ஸ்குவாட்ரனின் தலைவரே அவர்தான்.

பெர்த்தில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, விமானம் எப்போது மூக்கைத் தூக்குகிறது என்று உடம்பாலேயே உணர்ந்து பார்க்க முயன்றேன். சன்னல் இல்லாததற்கு அந்த ஒரு பயன். தூக்கிவிட்டது என்று நான் முடிவு செய்தபோது, சக்கரங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள், மார்ச் 26: காரகட்டா, பெர்த்

முந்தாநாள் எழுதியதில் ஒரு திருத்தத்தை முதலில் செய்துவிடுகிறேன். "போரில் கொல்லப்பட்ட நம் பையன்" என்று மைதானத்து முதியவர் சொன்னதை நான் அப்படியே எடுத்து எழுதிவிட்டேன். டிரஸ்காட்டை யாரும் கொல்லவில்லை. அதை எதிரி சுட்ட குண்டோ, எதிரியின் முகமோ இல்லாத ஒரு சாவாகத்தான் ஆவணங்கள் காட்டுகின்றன. ஆனால் அதற்குத் தமிழில் எந்தச் சொல்லை எழுதுவது என்று இன்று முழுவதும் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். வீரமரணம் என்றால் நெஞ்சில் வேல் வாங்கிய படம் ஒன்று மனத்தில் வந்துவிடுகிறது. விபத்து என்றால் நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்ததுபோல ஆகிவிடுகிறது. களப்பலி என்பதும் பொருந்தவில்லை. அன்று அங்கே களம் இல்லை. பேசாமல் 'இறந்தார்' என்றே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

காலையில் ஃப்ரீமாண்டில் ரயிலில் ஏறிக் காரகட்டாவில் இறங்கினேன். காரகட்டா கல்லறைத் தோட்டம் ஓர் ஊர் அளவுக்குப் பெரிது. போர்க் கல்லறைகள் தனி வளாகத்தில் மறுபக்கம் இருப்பதை நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. பொதுக் கல்லறைகளின் ஊடே, கிரேக்கர், இத்தாலியர், சீனர் என்று பிரிவு பிரிவாகப் பெயர்களைப் படித்துக்கொண்டு ஒரு மணிநேரத்துக்கும் மேலாக வெயிலில் நடந்தேன். குடிதண்ணீர்ப் புட்டி பாதியிலேயே காலி.

போர்க் கல்லறை வளாகத்துக்குள் நுழைந்ததும் ஒலியே மாறிவிட்டது. வரிசைகள் நேர்க்கோட்டில் நின்றன. ஒன்றுக்கொன்று உயர்வு தாழ்வு இல்லை. ஜெனரலாக இருந்தாலும் சமையல்காரராக இருந்தாலும் ஒரே அளவுக் குறிதான் என்பது இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் முதல் உலகப் போரிலிருந்தே கடைப்பிடிக்கும் விதி. புல்தரையின் ஓரத்தை ஒருவர் மண்டியிட்டுக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். மெல்பர்ன் மைதானத்தின் புல் நினைவுக்கு வந்தது. இங்கும் அதே ஒழுங்கு.

பெயரைக் கண்டுபிடித்தபோது என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். நம் ஊர்ப் பழக்கம், காலுக்குத் தானாக வந்துவிடுகிறது. மணல் சுட்டதால் புல்லில் ஏறி நின்றேன். ஸ்குவாட்ரன் லீடர் கே. டபிள்யூ. டிரஸ்காட், 28 மார்ச் 1943, வயது 26. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. பக்கத்தில் உதிர்ந்து கிடந்த யூகலிப்டஸ் காய் ஒன்றை எடுத்து வைக்கலாமா என்று யோசித்து, வரிசையின் ஒழுங்கைக் கெடுக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

கத்தரிக்காரர் நிமிர்ந்து, உறவினரா என்று கேட்டார். இல்லை, வாசித்து அறிந்தவன் என்றேன். "கால்பந்துக்காரர்தானே?" என்றார். விமானி என்று அவர் சொல்லவில்லை. இறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தோட்டக்காரருக்கு அவர் கால்பந்துக்காரர்தான்.

அவர் கடைசியாக ஆடிய ஆட்டம் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. 1942இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி விடுப்பில் இருந்தபோது, மெல்பர்ன் அணிக்காக ரிச்மண்டுக்கு எதிராக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். பயிற்சி இல்லை, மூச்சு வாங்கியிருக்கும், அதனால் என்ன. நாடே செய்தித்தாளில் படம் பார்த்த மனிதர் மறுபடியும் கால்சட்டை போட்டுக்கொண்டு சேற்றில் ஓடினார். அந்த ஆட்டம் அவரது ஐம்பதாவது.

நான்காம் நாள், மார்ச் 27: லேர்மன்த், எக்ஸ்மவுத்

பெர்த்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். இந்த முறை சன்னல் இருந்தது. சிவந்த நிலம், கடலை ஒட்டி வெள்ளைக் கோடு, அதற்கப்பால் பவளப் பாறைகளின் பச்சை. விமானம் இறங்கும் லேர்மன்த் நிலையம் விமானப்படைக்கும் பொதுமக்களுக்கும் பொதுவானது. கதவு திறந்ததும் அடித்த அனல், சித்திரை வெயிலில் அரசுப் பேருந்தின் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த அனுபவத்தைத் தந்தது.

போர்க்காலத்தில் இந்த இடத்தின் மறைபெயர் 'பாட்ஷாட்'. அமெரிக்க நீர்மூழ்கிகள் எரிபொருள் நிரப்பிக்கொள்ள 1942இல் வளைகுடாவில் ஒரு தளம் அமைத்தார்கள். அதைக் காக்கத்தான் ஓடுபாதை போடப்பட்டது. 1943 செப்டம்பர் 2 அன்று 'கிரைட்' என்ற பழைய மீன்பிடிப் படகு ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களோடு இங்கிருந்துதான் சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போய், துறைமுகத்தில் நின்ற ஜப்பானியர் வசக் கப்பல்களுக்கு வெடிவைத்துத் திரும்பியது. பிறகு புயல் அடித்ததில் தளமே கைவிடப்பட்டது. நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள நினைவிடத்தில் இறங்கி, நிழலுக்கு மரம் தேடித் தோற்று, பத்து நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பினேன்.

லேர்மன்த் என்ற பெயரும் ஓர் இறந்த விமானியுடையதே. சார்ல்ஸ் லேர்மன்த் 1944 ஜனவரியில் ராட்னெஸ்ட் தீவருகே விழுந்துகொண்டிருந்த தம் பியூஃபோர்ட் விமானத்தின் வாலில் என்ன கோளாறு நடக்கிறது என்பதை வானொலியில் சொல்லிக்கொண்டே இறந்தார். பல விமானங்களை வீழ்த்திய ஒரு பழுதைக் கண்டுபிடிக்க அந்தச் சொற்கள் உதவின. டிரஸ்காட்டின் பெயரையும் ஓர் ஓடுபாதைக்கு வைத்தார்கள். அது இங்கே இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள கிம்பர்லிப் பகுதியின் வடமுனையில், 1944இல் குண்டுவீச்சு விமானங்களுக்காகக் கட்டப்பட்டது. தரையிறங்கத் தடுமாறியவர் பெயரில் ஓர் ஓடுபாதை! நையாண்டிக்காக யாரும் வைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் புளூயி என்று செம்முடிக்காரரைக் கூப்பிடும் நாடு ஆயிற்றே.

இரவு விடுதி அறையில் மில்ன் வளைகுடா பற்றி வாசித்தேன். 1942 ஆகஸ்டில் டிரஸ்காட் இருந்தது அங்கேதான்: நியூ கினியின் கிழக்கு முனையில், 76ஆம் ஸ்குவாட்ரனில், கிட்டிஹாக் விமானங்களோடு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே சேற்றின்மேல் துளையிட்ட இரும்புத் தகடுகளைப் பரப்பி ஓடுபாதை போட்டிருந்தார்கள். மழை நிற்காது. இறங்கும் விமானம் தகட்டின்மேல் வழுக்கும். சேறு பீய்ச்சி அடித்து இறக்கையின் அடிப்பாகம் எல்லாம் அப்பிக்கொள்ளும். ஆகஸ்ட் 25 இரவு ஜப்பானியப் படை கரையிறங்கியது. போர்முனை ஓடுபாதைக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்டதால், கிளம்பிச் சில நிமிடங்களில் சுடத் தொடங்கி, குண்டுகள் தீர்ந்ததும் இறங்கி, நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். ஆகஸ்ட் 27 அன்று ஸ்குவாட்ரன் தலைவர் பீட்டர் டர்ன்புல் தாழ்ந்து பறந்து தாக்கும்போது விழுந்து இறந்தார். அந்தக் கணமே தலைமை டிரஸ்காட்டிடம் வந்தது. 75, 76 ஆகிய இரு ஸ்குவாட்ரன்களும் அந்தச் சேற்றிலிருந்து இடைவிடாமல் தாக்கியதே தரைப்படையின் வெற்றிக்குப் பெரும் துணையாக இருந்தது. செப்டம்பர் 7க்குள் ஜப்பானியர் கப்பலேறிவிட்டார்கள். பசிபிக் போரில் அவர்களது தரைப்படை கண்ட முதல் பெருந்தோல்விகளில் ஒன்று அது.

அதன்பின் டார்வின். 1943 ஜனவரியில் ஓர் இரவு, அந்த நகரின்மேல் ஒரு குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினார். அதுதான் அவரது கடைசி வெற்றி. பிறகு ஸ்குவாட்ரன் பாட்ஷாட்டுக்கு வந்தது. அன்று எக்ஸ்மவுத் என்றொரு ஊரே இல்லை. ஊர் 1967இல்தான் உருவானது. ஈயும், வெயிலும், முள்புல்லும், வராத எதிரியும்தான் இருந்தன.

இதை எழுதும்போது சன்னலுக்கு வெளியே ஈமு ஒன்று இரண்டு குஞ்சுகளோடு தெருவிளக்கின்கீழ் நடந்து போகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் தெருவில் மாடு மாதிரி.

ஐந்தாம் நாள், மார்ச் 28: எக்ஸ்மவுத் வளைகுடா

நேற்று மாலை படகுத்துறையில் விசாரித்து, காலை ஐந்தரைக்குக் கிளம்பும் மீன்பிடிப் படகு ஒன்றில் ஓர் இடம் பிடித்தேன். அறுபதைத் தாண்டிய படகோட்டி. மீன் பிடிக்க வரவில்லை, சும்மா நடுவளைகுடா வரை போய் நிற்க வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணத்தைச் சொன்னேன். "அந்த இடம் இன்னதென்று என்னால் காட்ட முடியாது" என்றார். தேவையில்லை, தண்ணீரைப் பார்த்தால் போதும் என்றேன்.

தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் திறந்த கடல். நிங்கலூ பவளத் திட்டில் அலை உடையும். கிழக்குப் பக்கமான வளைகுடா மூடிய தட்டுபோல. காற்று எழாத காலை வேளையில் அதன்மேல் ஒரு சுருக்கம்கூட இருப்பதில்லை. ஒரு மணிநேரம் ஓடியபின் இன்ஜினை நிறுத்தினார். படகின் பின்னால் வந்த வரி மெல்ல அடங்கியது. அதன்பிறகு நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று மாலை வரை யோசித்தேன்.

அடிவானம் இல்லை. வானத்தின் வெளிர்நீலம் கீழே இறங்கி, எங்கோ ஓரிடத்தில் தண்ணீராகி, படகின் அடியில் வந்து சேர்ந்திருந்தது. அந்த 'எங்கோ' எங்கே என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. தூரத்தில் ஒரு கடற்பறவை பறந்தது. அதற்குக் கீழே தலைகீழாக இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் கடல் இருக்க வேண்டும் என்று அறிவுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. படகின் விளிம்பிலிருந்து கையை நீட்டினேன். இன்னும் ஒரு சாண் இருக்கிறது என்று நினைத்த இடத்தில் விரல் நனைந்துவிட்டது.

படகோட்டி சிரித்தார். திமிங்கலச் சுறாக்களைக் காட்டும் படகுகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவராம். மேலே சிறு விமானம் ஒன்று பறந்து சுறா இருக்கும் இடத்தைப் படகுக்குச் சொல்லும். "மேலிருந்து சுறாவைத் தேட இதைவிட நல்ல நாள் கிடையாது. தாழ்ந்து பறக்க இதைவிடக் கெட்ட நாளும் கிடையாது. கடல்விமானம் ஓட்டுகிறவனைக் கேட்டுப் பாருங்கள், புயலைவிட இதற்குத்தான் பயப்படுவான்." கடல்விமானப் பயிற்சியில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. கண்ணாடி நீரில் இறங்கும்போது கண்ணை நம்பக் கூடாது. மூக்கை ஒரே நிலையில் வைத்து, குறைந்த வேகத்தில் சீராக இறங்கிக்கொண்டே போய், நீர் தானாக வந்து தொடும் வரை காத்திருக்க வேண்டும்.

1943 மார்ச் 28, ஞாயிற்றுக்கிழமை. வளைகுடாவின்மேல் கேட்டலினா என்ற அமெரிக்கக் கடல்விமானம் ஒன்று தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தது. டிரஸ்காட் தம் கிட்டிஹாக்கில் அதன்மீது பொய்த் தாக்குதல் பயிற்சியில் இறங்கினார். எதிரி வராத நாட்களில் போர்விமானிகள் கைப்பழக்கம் விடாமல் இருக்கச் செய்வதுதான் இது. மேலிருந்து பாய்ந்து, குறிபார்த்து, சுடாமல் விலகி ஏறுவது. கேட்டலினா மெதுவாகப் போகும் பெரிய பறவை. கிட்டிஹாக்கோ மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக் கூடியது. அந்த வேகத்தில் ஒரு வினாடியில் 139 மீட்டர் கடக்கிறது. பத்துப் பாகைச் சரிவில் பாய்ந்தால் 20 அடி உயரம் கால் வினாடியில் தீர்ந்துவிடும். கடல் அமைதியாக இருந்தது. உயரத்தைத் தவறாகக் கணித்தார். விமானம் நீரில் மோதி மூழ்கியது. உடலை மீட்டு, பெர்த்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

பயிற்சிக் காலத்தில் தரையை 20 அடி மேலே கண்ட அதே கண், இங்கே கடலை அது இருந்த இடத்தைவிடக் கீழே கண்டுவிட்டது. ஒன்றுக்கொன்று நேர்மாறான பிழைகள். இரண்டையும் முடிச்சுப்போட்டு, அன்றே தெரிந்த குறைதான் ஆளைக் கொண்டுபோனது என்று எழுதிவிட மெல்பர்னில் இருந்தபோது துடித்தேன். பயணத்தின் தலைப்பாகவே அதை வைத்திருந்தேன். இன்று காலை விரல் நனைந்தபின் அப்படி எழுதக் கை வரவில்லை. பழுதில்லாத கண்ணோடு, அசையாத படகில், ஒரு கையளவுத் தூரத்தில் நானே தவறினேன். இங்கே அவரது கண்ணைக் குறை சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை. கண்ணைவிட, மில்ன் வளைகுடாவின் சேற்றில் அப்படிப் பறந்த ஒருவரை எதிரியே வராத ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காவலுக்கு நிறுத்தி வைத்த காத்திருப்பைத்தான் நான் குறை சொல்வேன். சும்மா இருக்கத் தெரியாதவர்கள் அவர்கள். சும்மா இருக்கத் தெரிந்தவர்களாக இருந்திருந்தால் விமானப்படைக்கே போயிருக்க மாட்டார்கள்.

இதைப் படகோட்டியிடம் சொல்லவில்லை. இந்த நீரில் இறங்க வேண்டியிருந்தால் கடல்விமானிகள் வேறு என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லாமல், இரைக்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துத் தூர வீசினார். அது வானத்துக்குள் போவதுபோலப் போய், திடீரென்று ஓரிடத்தில் நின்றது. அங்கிருந்து வட்டம் வட்டமாக விரிந்தது. அந்த வட்டங்கள் இருக்கும் வரை கடல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

ஒன்பதரை மணிக்குத் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. சில நிமிடங்களில் வளைகுடா முழுவதும் சுருக்கம் விழுந்து, அடிவானம் கோடு கிழித்ததுபோலத் தெளிந்துவிட்டது. படகு ஆடத் தொடங்கியதும் எனக்குக் குமட்டல் வந்து, கரை சேரும் வரை பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டபடியே வந்தேன்.